இரண்டாவது கோடு

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் நலம்.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். போனில் கேட்டிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். போனில் நீயும் நானும் "சாப்பிட்டியா", "ட்யூட்டி முடிஞ்சுதா", "குழந்தை நல்லா இருக்காளா" என்ற மூன்று படிக்கு மேல் ஏறுவதில்லை. ஐந்து வருடமாக அதே மூன்று படி. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும் என்பதால் அங்கேயே நின்று விசாரித்துவிட்டு இறங்கிவிடுகிறோம். எனக்கு எழுத வருகிற அளவுக்குப் பேச வராது என்பதும் உனக்குத் தெரிந்ததுதான்.

விஷயம் இது. அவர் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கை மூடுகிறார்கள். கட்டடம் பழசாகிவிட்டது, சுவரெல்லாம் கசிகிறது, சரிசெய்வதைவிட மூடுவது சுலபம் என்று தீர்மானித்துவிட்டார்கள். வேலை போகவில்லை, அந்த அளவுக்கு நிம்மதி. மெக்கானிக்குகளுக்கு மட்டும் இரண்டு இடத்தைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்று மேற்கே, மேட்டுப் பகுதி. அங்கே பழக் கிடங்கு. இன்னொன்று கிழக்கே, கடற்கரைப் பகுதி. அங்கே மீன் கிடங்கு. கிழக்கு என்றால் நீ இருக்கும் துறைமுக ஊர்தான். சம்பளம் இரண்டிலும் ஒன்றே. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் படிவம் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும்.

அவரிடம் கேட்டேன். "மெஷினுக்கு ஊர் ஏது? எங்க போனாலும் அதுக்குக் குளிரணும், எனக்கு வேர்க்கணும்" என்று சிரித்தார். பிறகு சாப்பாட்டு மேசையிலேயே படிவத்தைப் பிரித்து, ஊழியர் கையொப்பம் என்ற முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டார். கிழக்கு, மேற்கு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் தொடவில்லை. கீழே துணைவர் கையொப்பம் என்று இன்னொரு கோடு. படிவத்தை என் பக்கம் தள்ளி, "இந்த ஊருக்கு வரும்போது உன்ன நான் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருக்கணும். இந்தத் தடவை நீயே டிக் போடு" என்றார். ஏழு வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவளுக்கு, கேட்டதும் பயம் வந்துவிட்டது.

படிவம் இப்போது சமையலறை அலமாரியில், தேயிலை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. இந்தச் சமையலறைக்கு ஜன்னல் இல்லை என்று முன்பு ஒருமுறை உனக்குச் சொல்லியிருக்கிறேன். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் அடுப்பு பற்ற வைக்க வேண்டும். வெயிலா மழையா என்று கூடத்துக்கு வந்துதான் தெரிந்துகொள்வேன். அந்த மூலையிலேயே ஒரு சின்ன மேசை போட்டு என் வேலையையும் செய்கிறேன்.

என் வேலை என்னவென்று நீ சரியாகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பா உன்னிடம் "அவ புக்குக்கு வால் வைக்கிறா" என்று சொல்லியிருப்பார். கிட்டத்தட்ட அதேதான். கனமான புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் வருமே, சொல்லடைவு, அதைத் தயாரிக்கிறேன். பதிப்பகத்திலிருந்து கட்டுக் கட்டாகத் தாள் வரும். படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதி, ஷூ பெட்டிகளில் வரிசையாக அடுக்குவேன். பாலம் கட்டுவது, பல் பிடுங்குவது, தேனீ வளர்ப்பது எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றும் செய்யத் தெரியாது. எது எங்கே இருக்கிறது என்று கேள், சொல்கிறேன். எது வேண்டும் என்று கேட்டால் மட்டும் வாய் அடைத்துவிடும்.

இந்த முறையும் எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். இரண்டு காலிப் பெட்டி எடுத்து, ஒன்றில் மேற்கு, மற்றொன்றில் கிழக்கு என்று எழுதி, அட்டை போட ஆரம்பித்தேன். மேற்குப் பெட்டி சீக்கிரம் நிறைந்துவிட்டது. கம்பெனியே வீடு தருகிறது. பள்ளிக்கூடம் வீட்டுக்கு எதிரே. வெயில் உறைக்காது. தண்ணீர் நாள் முழுவதும். அவருடன் வேலை பார்க்கும் மூன்று பேர் மேற்கைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிழக்குப் பெட்டியில் உப்புக்காற்று, துரு, மீன் வாடை, வாடகை வீடு தேடுவது என்று நாலைந்து அட்டைதான். அத்தையைக் கேட்டேன். என் மாமியாருக்கு எதிலும் ஒரு கருத்து இருக்கும் என்று உனக்குத் தெரியும். "கடலோரம்னா துணி காயாது. மேடுன்னா என் முட்டி மடங்காது. ரெண்டுல எது உனக்குப் பரவாயில்லையோ அதுக்குப் போ" என்றார். வாண்டு தன் பங்குக்கு, "பெரியம்மா வீட்டுக்குள்ள கடல் வருமா?" என்று கேட்டாள். வராது என்றதும் கொஞ்சம் ஏமாற்றம்.

கிழக்குப் பெட்டியில் இன்னும் ஓர் அட்டை உண்டு. "அக்கா" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பக்க எண் எதுவும் போடவில்லை. இரண்டு முறை வெளியே எடுத்தேன், இரண்டு முறை திரும்ப வைத்தேன். அகர வரிசையில் அதுதான் முதலாவதாக வந்து நிற்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

நீ அந்த ஊரில் பதினோரு வருடமாக இருக்கிறாய். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் எல்லா ஊர்க்காரர்களையும் பார்த்திருப்பாய். உனக்கு மனிதர்களையும் இடங்களையும் எடைபோடத் தெரியும். எனக்கு அது கிடையாது. அதனால் நீயே யோசித்து, கிழக்கா மேற்கா என்று ஒரு வார்த்தை எழுதிவிடு. நீ சொன்னால் சரியாக இருக்கும். ஒருவேளை கிழக்கு என்றாலும் எங்களால் உனக்கு எந்தத் தொந்தரவும் வராது.

உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே ட்யூட்டி பார்க்காதே. பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை


திங்கட்கிழமை, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. எல்லோரும் நலம். வாண்டுக்கு முன் பல் இரண்டும் விழுந்துவிட்டன. எந்த வார்த்தை சொன்னாலும் விசில் அடிக்கிறாள்.

ஒரே ஒரு தாள்தான் அனுப்பியிருந்தாய். நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடது பக்கம் மேற்கு, வலது பக்கம் கிழக்கு. ஒவ்வொரு பக்கமும் பதினோரு குறிப்பு. எண்ணிப் பார்த்தேன்; அது என் தொழில். மேட்டுப் பகுதியைப் பற்றி உனக்கே தெரியாது என்பதால் உன் வார்டில் படுத்திருக்கும் ஒரு லாரி டிரைவரைக் கேட்டு எழுதியிருக்கிறாய். குளிர் காலத்தில் காலை ஏழரைக்குத்தான் வெளிச்சம் வரும் என்பது வரை கேட்டிருக்கிறாய். இந்தப் பக்கம் தண்ணீர் என்றால் அந்தப் பக்கமும் தண்ணீர். இந்தப் பக்கம் பள்ளி என்றால் அந்தப் பக்கமும் பள்ளி. ஒரு பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது என்று மருந்து அளக்கிற மாதிரி அளந்திருக்கிறாய். கடைசியில் ஒரே வரி: "முடிவை நீதான் எடுக்கணும்."

வா என்று இல்லை. வராதே என்றும் இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு யாருடனும் பேசப் பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டேன், அதைக் கூடத் தரவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். அவரிடம் தாளைக் காட்டினேன். "உங்க அக்கா எங்க மேனேஜரா இருந்திருந்தா கிடங்கு மூடியிருக்காது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று மதியம் பெட்டிகளைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வேலையில் ஒரு பிழை உண்டு, அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் பயப்படுவேன். ஒரு சொல்லுக்கு நேரே பக்க எண் போடாமல் "காண்க" என்று எழுதி இன்னொரு சொல்லுக்கு அனுப்புவோம். அங்கே போனால் அங்கேயும் பக்க எண் இருக்காது. "காண்க" என்று வேறொன்று. படிக்கிறவர் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் புத்தகத்தையே மூடிவிடுவார். எங்கள் பதிப்பகத்துப் பெரியவர் அதைப் பார்த்தால் தாளை முகத்தில் எறியாத குறையாகப் பேசுவார். என் வாழ்க்கைக்கு ஒருவர் சொல்லடைவு போட்டால் அதில் முடிவு என்ற சொல்லுக்கு நேரே என்ன இருக்கும் என்று யோசித்தேன். "காண்க: அக்கா" என்று இருக்கும். எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு, பெண் பார்க்க வந்தவரிடம் சரியா இல்லையா, எல்லாவற்றுக்கும் அதேதான். அந்த முடிவு அட்டையை எழுதியும் வைத்தேன். யாராவது ஒன்று கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வேன் என்று சின்ன வயதில் எனக்கு ஆமை என்று பெயர் வைத்தாய். நீ ஓட்டுக்கு வெளியே நின்று எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாய்.

அக்கா, நான்காவது படிக்கு வருகிறேன்.

அன்று உன் ஆஸ்பத்திரி நடையில் சுவரோரம் நீல நாற்காலிகள் இருந்தன. வாண்டு என் தோளில் தூங்கினாள், அப்போது அவளுக்கு ஒரு வயது. டாக்டர் அப்பாவைப் பற்றி இரண்டையும் சொன்னார். அறுத்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். அறுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் சில மாதம் இருப்பார், வலியோடு. "ரெண்டு பொண்ணுங்களும் பேசிட்டுக் கையெழுத்து போட்டுக் கொடுங்க" என்று படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலும் இரண்டு கோடு. நீ முதல் கோட்டில் போட்டாய். பேனாவை என் பக்கம் நீட்டினாய். நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். "நீ போட்டா போதாதா அக்கா?" என்றேன். பிறகு குழந்தையை உன் மடியில் வைத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போனேன். மூன்று டீ வாங்கி வந்தேன். ஒன்று அப்பாவுக்கு. வாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று அவர் கட்டிலில் அட்டை எழுதித் தொங்கவிட்டதே நீதான். அதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். நீ அந்த மூன்றாவது டீயைப் பார்த்தாய். அதை ஜன்னல் விளிம்பில் வைத்தாய். அது மாலைவரை அங்கேயே இருந்தது. இரண்டாவது கோடு காலியாகவே உள்ளே போனது.

அறுத்த ஒன்பதாம் நாள் அப்பா போனார். அவருடைய வீட்டை ஒழித்துக் கொடுத்த அன்று, நீ போர்வையின் ஒரு முனையையும் நான் மறுமுனையையும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். முனையோடு முனை சேர்க்க நீ என் அருகில் வந்தபோது மெதுவாகச் சொன்னாய். "அப்பாவுக்கு ரெண்டு பொண்ணுன்னு நெனச்சிட்டிருந்தேன்." அவ்வளவுதான். அதன் பிறகு கோபமாகக்கூட நீ என்னிடம் பேசவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்று நீ கேட்கவே இல்லை. எனக்கு எண்ணமே இல்லை என்று நீ முடிவு செய்திருப்பாய். இருந்தது அக்கா. அறுக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டர் பேசி முடிப்பதற்குள் நினைத்துவிட்டேன். சொல்லவில்லை. தவறாகப் போனால் அது உன்னுடையதாக இருக்கட்டும் என்று எனக்குள்ளே ஒருத்தி கணக்குப் போட்டிருக்கிறாள். பயம் என்று பல வருடம் அவளுக்குப் பெயர் சொல்லிவந்தேன். பயந்தவள் ஆளுக்கொன்று என்று எண்ணி மூன்று டீ வாங்குவாளா? இதை எழுதாமல் இந்த ஊரைவிட்டுப் போனால், எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான் என்று தோன்றியது.

போன கடிதத்திலும் அதையேதான் செய்திருக்கிறேன் என்று உன் தாளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. படிவத்தை உன் பக்கம் தள்ளிவிட்டு நான் டீ வாங்கப் போயிருக்கிறேன். நல்லவேளை, நீ இந்த முறை கையெழுத்துப் போடவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அத்தை உன் தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, சத்தம்போட்டு முழுவதும் படித்தார். கிழக்குப் பக்கம் ஒன்பதாவது குறிப்பில் நின்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, சமையலறைக்கு ஜன்னல் உண்டு, தெருவைப் பார்த்தது என்று எழுதியிருந்தாயே, அங்கே. என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஏம்மா, தெருவுல நின்னு பாத்தா எது அடுக்களை ஜன்னல்னு தெரியுமா? முதுகு வலிக்காரி மூணு மாடி ஏறிப் பாத்திருக்கா" என்றார். பிறகு தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போய்விட்டார்.

நிஜமாகவே ஏறினாயா? பதில் சொல்ல வேண்டாம். கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. முடிவு என்ற அட்டையில் இருந்த "காண்க" என்ற சொல்லை அடித்துவிட்டேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். சாப்பிடாமல் ட்யூட்டிக்குப் போகாதே.

இப்படிக்கு,
உன் தங்கை


வியாழக்கிழமை, மூட்டைகளுக்கு நடுவே

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஆனால் அது கிடைத்த அன்று போன் செய்தாய் என்று நினைக்கிறேன். "சாப்பிட்டியா" என்றாய். சாப்பிட்டேன் என்றேன். அதன் பிறகு நீ வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. உன் வார்டில் யாரோ மணி அடித்துக் கூப்பிடுவது கேட்டது, ஒரு தள்ளுவண்டி போவது கேட்டது. "சரி" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அந்தச் "சரி"யை எங்கே அடுக்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அவர் கிளம்புவதற்கு முன், தேயிலை டப்பாவைத் தூக்கிப் படிவத்தை எடுத்தேன். டப்பாவின் வட்டம் அதில் பழுப்பாகப் பதிந்திருந்தது. கிழக்கு என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இரண்டாவது கோட்டில் கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்து கோட்டைவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. அவர் வாங்கிப் பார்த்து, "ஆக, மீனு. வீட்டுக்குள்ள வரும்போது சட்டைய வெளியவே கழட்டிடறேன்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "நானும் அதுதான் நெனச்சேன். ஆனா நான் சொன்னா அது என் முடிவாயிடும்" என்றார். இவரோடு ஏழு வருடம் இருந்திருக்கிறேன், இவரையும் நான் சரியாகப் படிக்கவில்லை.

மேற்குப் பெட்டியில் இருபத்தாறு அட்டை, கிழக்கில் ஒன்பது. படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தவறாகப் போனால் அது என்னுடையது. இதை எழுதும்போது பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பயமாக இருக்கிறது.

அத்தை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "சரி, துணி காயாட்டி ஈரமாவே போட்டுக்கறேன்" என்று தன் பெட்டியைத் தானே கட்ட ஆரம்பித்துவிட்டார். அந்த மூன்றாவது மாடி வீட்டுக்காரரிடம் வாண்டின் அப்பா நேரிலேயே போய்ப் பேசிவிட்டு வந்தார். உன்னைப் பார்க்காமல் திரும்பிவிட்டார் என்று வருத்தப்படாதே. நான்தான் போக வேண்டாம் என்றேன். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றால் உனக்குச் சங்கடமாக இருக்கும். ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வரச் சொன்னேன். இருக்கிறதாம். முட்டிக்காரி அத்தை மூன்று மாடி எப்படி ஏறுவார் என்று இப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்திருக்கிறது. ஏறிக்கொள்கிறேன், இறங்கத்தான் மாட்டேன் என்கிறார்.

வீடு பாதி காலியாகிவிட்டது. பேசினால் எதிரொலிக்கிறது. ஊரைவிட்டுப் போவதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டியல் எழுதினேன். பால்காரர், கேஸ் கம்பெனி, நூலகம், பதிப்பகம். அதோடு முடிந்துவிட்டது. ஏழு வருடம் இருந்த ஊரில் சொல்லிக்கொண்டு போவதற்கு ஒரு வாசல் இல்லை. எதிர் வீட்டுப் பெண்மணியிடம் சொன்னேன். "அப்படியா, நீங்க இங்கேயா இருந்தீங்க? பின் வீடுன்னு நெனச்சேன்" என்றார். நூலகத்தில் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது, புத்தகம் பதிந்து தரும் பெண் என் முகத்தைப் பார்க்காமலே, "ஓ, முந்நூத்திப் பதினெட்டு" என்றாள். அவளுக்கு என் எண் மனப்பாடம். இந்த ஊரில் என்னை அடையாளம் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

பதிப்பகத்துக்கு ஊர் ஒரு பொருட்டில்லை, தாள் எங்கே வேண்டுமானாலும் வரும். ஷூ பெட்டிகளை மட்டும் யாரையும் தொடவிடாமல் நானே கட்டியிருக்கிறேன். கிழக்கு, மேற்கு என்று எழுதிய இரண்டு பெட்டியையும் பிரித்துக் கொட்டி, அட்டைகளின் பின்பக்கத்தை வேறு புத்தகத்துக்குப் பயன்படுத்திக்கொள்வேன். கிழக்கின் முதல் அட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

வருகிற புதன்கிழமை லாரி வருகிறது. நாங்கள் வியாழன் காலை அங்கே இருப்போம். நீ எதுவும் செய்ய வேண்டாம். சாவி வாங்கி வைக்க வேண்டாம், கூட்டிப் பெருக்க வேண்டாம், சாப்பாடு அனுப்ப வேண்டாம். உன் ஆஸ்பத்திரிக்குப் பின் தெரு என்பதால் எதிரே பார்க்க நேர்ந்தால் நீ மூன்று படியோடு நின்றுகொள்ளலாம். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். நீ பேசினாலும் பேசாவிட்டாலும் நாங்கள் வருவதாகத்தான் டிக் போட்டேன்.

ஆனால் ஒரு தவறு செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாண்டைச் சேர்க்கப் போகும் பள்ளிக்கூடம் உன் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நான்கு நிமிட நடை. உன் தாளில் ஏழாவது குறிப்பு. சேர்க்கைப் படிவத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் "பெற்றோர் கிடைக்காத அவசரத்தில் அழைக்க வேண்டியவர்" என்று ஒரு வரி. ஏழு வருடமாக இந்த மாதிரி வரிகளில் நான் கோடு கிழித்துவிடுவேன். இந்த முறை யோசிக்காமல் உன் பெயரும், உன் வார்டு போன் எண்ணும், உறவு: பெரியம்மா என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். தபாலில் போட்ட பிறகுதான் உன்னைக் கேட்கவில்லை என்று உறைத்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னைக் கேட்காமல் ஒன்று செய்திருக்கிறேன், அதிலும் உன் தலையில் ஒரு பாரத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

உனக்கு அது வேண்டாம் என்றால் பள்ளி அலுவலகத்தில் சொல்லி அடித்துவிடலாம். நீயே போய்ச் சொல்ல வேண்டியிருக்கும், போனில் செய்ய மாட்டார்களாம். அப்படிப் போவதாக இருந்தால் நாங்கள் வந்த பிறகு வரும் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல் போ. அதற்குள் மணி அடித்து எல்லோரும் உள்ளே போயிருப்பார்கள், உன்னை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஒன்பதேகாலுக்குப் போனால் வாசலில் ஒருத்தி நிற்பாள். புதுப் பள்ளி என்பதால் தனியாகத்தான் நிற்பாள். கொண்டுவிடுவது அவள் அப்பாதான், நான் வரமாட்டேன். நீ கடைசியாகத் தூக்கியபோது அவளுக்கு முன் பல் இரண்டுதான் முளைத்திருந்தன. இப்போது அந்த இரண்டும் இல்லை. அடையாளம் தெரிந்துவிடும்.

நல்லபடியாக இரு அக்கா. முதுகைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஆமை